பைக்குள் ஒரு குளம்

சென்னை மாநகரின் வடமேற்குப் புறத்திலே கொளத்தூர் என்னும் பகுதியில், மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் சிமெண்டுத் தொட்டிகளை வரிசையாகக் கட்டி, அவற்றில் கப்பியும் மோலியும் தங்க மீனும் ஃபைட்டரும் வளர்த்து, அதையே குடும்பத்தின் ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் அநேகர். அங்குள்ள மொத்த வியாபாரக் கடைகளின் முன்புறத்தில் கண்ணாடித் தொட்டிகளும் வர்ண விளக்குகளும் கண்ணைப் பறிக்கும். ஆயினும் அந்த வியாபாரத்தின் லாப நஷ்டம் நிர்ணயமாகிற இடம், ஈரத் தரையும் ஆக்சிஜன் சிலிண்டரும் பாலித்தீன் பைக் கட்டுகளுமாகக் கிடக்கும் பின்கட்டுதான். மீனைக் குஞ்சு பொரிக்க வைப்பதும் வளர்த்து ஆளாக்குவதும் பொறுமையுள்ள எவருக்கும் ஓரளவு கைவரக்கூடியவை. வளர்த்த மீனை ஒரு பையில் அடைத்து, இருபது முப்பது மணி நேரம் தண்ணீர் மாற்றாமலும் கண்ணால் பாராமலும் பேருந்திலோ ரயிலிலோ விமானத்திலோ அனுப்பி, மறுமுனையில் பையைப் பிரிக்கிறவர் கையில் அது துள்ளும்படி செய்வதுதான் கடினமான வித்தை.

இந்த வித்தை கைகூடுவதற்கு மனிதருக்கு நெடுங்காலம் பிடித்தது. 1869-ஆம் ஆண்டில் சீன தேசத்து நிங்போ துறைமுகத்திலிருந்து பிரெஞ்சு கான்சல் ஒருவர் பாரிஸுக்கு அனுப்பிய 100 சொர்க்க மீன்களில், கடல் கடந்து உயிரோடு கரை சேர்ந்தவை 22 மட்டுமே என்பது மீன் வளர்ப்போர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அந்த மிச்சத்தைக் கொண்டே பியேர் கார்போனியே என்பவர் பாரிஸில் இனவிருத்தி செய்து, வெப்ப நாட்டு மீன்களை ஐரோப்பிய வீடுகளில் வளர்க்கும் பழக்கத்துக்கு வழிகோலினார். அந்த 22 மீன்களாவது பிழைத்ததற்கு மீனின் உடலமைப்பே முக்கிய காரணமாக இருந்திருக்க வேண்டும். ஏனெனில் சொர்க்க மீனுக்கும், அதன் சுற்றத்தாரான ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. அதன் உதவியால் அவை நீர்மட்டத்துக்கு வந்து வெளிக் காற்றையே வாயால் கவ்விச் சுவாசிக்கும். அந்தப் பாக்கியம் இல்லாத மீன்களை அக்காலத்தில் வாய் அகன்ற தகரப் பாத்திரங்களிலேயே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. பாத்திரத்தை மூடினால் மீன் மூச்சு முட்டும், திறந்தால் தண்ணீர் தளும்பும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பாலித்தீன் பை மலிந்து, சிலிண்டரில் அடைத்த பிராணவாயுவும் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே, மூடிய நிலையிலும் மீன் பிழைக்கும் உபாயம் சாத்தியமாயிற்று.

பையில் தண்ணீர் எவ்வளவு, காற்று எவ்வளவு என்ற கேள்விக்கு, அனுபவமில்லாதவர் பெரும்பாலும் தலைகீழான விடையையே சொல்லுவார். மீன் நீர்வாழ் பிராணி ஆதலால் தண்ணீரை நிறைய விட்டால் அதற்குச் சௌகரியம் என்று எண்ணி, பையில் முக்கால் பங்கு நீரை நிரப்பி, மேலே கொஞ்சம் காற்றை விட்டுக் கட்டுவார். உண்மைக் கணக்கு வேறு. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றோடு சமநிலையில் உள்ள 1 லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு ஏறக்குறைய 8 மில்லிகிராம். அதே 1 லிட்டர் இடத்தை வெறும் காற்றால் நிரப்பினால் அதில் இருப்பது ஏறக்குறைய 275 மில்லிகிராம். சுத்தமான பிராணவாயுவால் நிரப்பினாலோ ஏறக்குறைய 1300 மில்லிகிராம். மீனின் மூச்சுக்கான இருப்பு தண்ணீரில் இல்லை, தண்ணீருக்கு மேலேதான் இருக்கிறது. ஆகையால்தான் தொழில் தெரிந்தவர்கள் பையில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மட்டும் நீர் விட்டு, மீதி முழுவதையும் சிலிண்டரிலிருந்து நிரப்புகிறார்கள்.

பின்கட்டில் நடப்பதைச் சற்று நேரம் நின்று கவனிப்பது பயனுள்ள பொழுதுபோக்கு. கவர் கட்டுகிறவர் முதலில் ஒரு பைக்குள் மற்றொரு பையைச் செருகி இரட்டையாக்குகிறார். பிறகு அடிப்பக்கத்து மூலைகள் இரண்டையும் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, கூரிய மூலையே இல்லாதபடி உருட்டிவிடுகிறார். இது அலங்காரத்துக்காகச் செய்வதன்று. இருட்டில் பெட்டி ஆடும்போது சிறு மீன்கள் மூலையில் போய் ஒதுங்கும். ஒதுங்கியவை அங்கேயே நெரிபட்டுச் சாகும். ஒன்று செத்து அழுகினால் அந்தப் பை முழுவதுமே பாழ். அடுத்து, குளோரின் வாடை போகும்படி முன்கூட்டியே பிடித்து வைத்த நீரை அளந்து ஊற்றி, மீனை எண்ணி விட்டு, பையின் வாயை இடது கையால் திரட்டி நீர்மட்டம் வரை அழுத்தி உள்ளே இருந்த சாதாரணக் காற்றை முற்றிலும் வெளியேற்றுகிறார். பிறகே சிலிண்டரின் ரப்பர்க் குழாய் உள்ளே நுழைகிறது. பை ஒரு கணத்தில் விம்மி எழும்புகிறது. குழாயை உருவிக் கழுத்தை முறுக்கி மடித்து ரப்பர் பேண்டால் இறுக்கி முடிக்கிறார். முடித்த பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, முடிச்சில் நீர் கசிகிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்த பின்னரே தெர்மாகோல் பெட்டிக்குள் வைக்கிறார். அதுவும் நிமிர்த்தி வைப்பதில்லை, படுக்க வைக்கிறார். படுத்த பையில் நீரின் மேற்பரப்பு அகலும்; அகன்ற பரப்பின் வழியே பிராணவாயு விரைவாக நீரில் இறங்கும்.

இவ்வளவு பிராணவாயு இருந்தும் மீன் சாகிறதே, அது எதனால்? இங்கேதான் விஷயத்தின் சாரம் இருக்கிறது. நன்றாகக் கட்டிய பையில் மீன் மூச்சில்லாமல் சாவது அபூர்வம். பெரும்பாலும் அது தன் கழிவினாலேயே சாகிறது. மீன் உண்ட புரதம் செரித்த பின் எஞ்சும் நைட்ரஜன் கழிவு, பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே இடைவிடாமல் நீரில் கலந்துகொண்டே இருக்கும். ஆற்றிலும் குளத்திலும் அது நொடியில் கரைந்து மறையும். பழகிய தொட்டியில் அதைத் தின்று ஜீவிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. பைக்குள் இரண்டுக்கும் வழியில்லை. ஆகவேதான் கட்டுவதற்கு முன் மீனைப் பட்டினி போடும் நியமம் ஏற்பட்டது. சிறு மீனுக்கு ஒரு நாள், பெருந்தீனிக்காரரான தங்க மீனுக்கு இரண்டு நாள், குடல் காலியாகும்படி இரை நிறுத்தப்படும். இதைக் கொடுமை என்று வருந்துகிற நல்லிதயம் படைத்தவர்கள் உண்டு. பிரயாணத்துக்குப் புறப்படுமுன் ஒரு சிட்டிகை இரை போட்டு வழியனுப்புகிறவர்களே மெய்யாகக் கொடுமை செய்கிறவர்கள் என்பது என் அபிப்பிராயம்; அந்தச் சிட்டிகைதான் நள்ளிரவில் எச்சமாகவும் அம்மோனியாவாகவும் மாறி அந்த மீனின் செவுளை எரிக்கப் போகிறது.

மீன் வெளிவிடும் மற்றொன்று கரியமில வாயு. இதுவும் மிகுந்தால் கேடுதான். இரத்தம் பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் சக்தி குன்றி, மேலே வாயு நிறைந்திருந்தும் மீன் மயங்கும். ஆனால் இந்தக் கேட்டிலேயே ஒரு நன்மையும் மறைந்திருக்கிறது. கரியமில வாயு நீரில் கரைந்து அதைச் சற்றே அமிலமாக்குகிறது. அமில நீரில் அம்மோனியாவின் பெரும் பகுதி, செவுளுக்குள் எளிதில் புக முடியாத அம்மோனியமாக உருமாறி அடங்கிக் கிடக்கிறது. 25 பாகையில், நீரின் பி.எச். அளவு 8 ஆக இருக்குமானால் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 5 சதவிகிதம் நச்சு வடிவில் இருக்கும். 7 ஆக இருந்தால் அரை சதவிகிதத்தைச் சற்றே தாண்டும். 6 ஆகக் குறைந்தால் 0.1 சதவிகிதம்கூட இராது. மீன் தன் மூச்சாலேயே தன் கழிவின் விஷத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது என்பது இயற்கையின் விசித்திரமான ஏற்பாடு. நீண்ட பிரயாணத்துக்கு இது மட்டும் போதாது என்று கருதுகிறவர்கள், அம்மோனியாவை ஈர்க்கும் சீயோலைட் என்னும் கனிமத் துண்டுகளை நன்னீர் மீன் பையில் இடுவதும் உண்டு; சிறிது கல்லுப்பு சேர்ப்பதும் உண்டு. நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுந்ததாகையால் வெளிநீர் ஓயாமல் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்றும் பாடு அளவான உப்பினால் குறைகிறது. இலவங்க எண்ணெய் முதலியவற்றால் மீனை அரைமயக்கத்தில் அனுப்பும் முறையை மட்டும் புதியவர்கள் தொடாமலிருப்பது நலம். மருந்துக்கும் மரணத்துக்கும் இடையே உள்ள அளவு அதில் மிகக் குறுகியது.

உஷ்ணத்தின் விஷயம் எளிது. மீன் குளிர்ரத்தப் பிராணி; சுற்றுநீர் 10 பாகை குளிர்ந்தால் அதன் மூச்சும் கழிவும் ஏறத்தாழப் பாதியாகும். வெப்ப நாட்டு மீனை அவ்வளவு குளிர்விக்க இயலாது. எனினும் 28 பாகையில் இருப்பதைப் படிப்படியாக 23, 24-க்கு இறக்கிக் கட்டினால் வழியில் அதன் துன்பம் கணிசமாகக் குறையும். சித்திரை வெயிலில் சென்னையிலிருந்து புறப்படும் பெட்டியின் மூடிக்கடியில், உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைச் செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி ஒட்டி வைப்பார்கள். குளிர் மேலிருந்து கீழே இறங்கும், பையை நேரே தொட்டுச் சில்லிட வைக்காது. தெர்மாகோலின் மற்றொரு உபகாரம் இருட்டு. வெளிச்சம் படாத மீன் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். அசையாத மீனுக்கு மூச்சும் குறைவு, கழிவும் குறைவு.

இனத்துக்கு இனம் முறை மாறுவதையும் சொல்ல வேண்டும். ஃபைட்டருக்குச் சிலிண்டர் அவசியமில்லை. உள்ளங்கையகலப் பையில், முதுகு மூழ்கும் அளவு நீரும் மேலே சாதாரணக் காற்றும் போதும். ஆனால் ஆண் மீன் இரண்டை ஒரு பையில் போட முடியாது. அடுத்தடுத்த பைகளில் வைத்தால்கூட ஒன்றையொன்று பார்த்துச் செவுளை விரித்துச் சீறிக் களைத்துப் போகுமாதலால், நடுவே காகிதம் வைத்துத் திரையிடுவார்கள். கெளுத்தி இனத்து மீன்களுக்கு முதுகிலும் பக்கத் துடுப்பிலும் விறைத்து நிற்கும் முள் உண்டு. வலையால் பிடித்தால் முள் நூலில் மாட்டும். குவளையால் மொள்ள வேண்டும். பையில் விட்டால் முள் பையைக் குத்தும். இரண்டு பைகளுக்கு நடுவே செய்தித்தாளைப் பரப்பி மூன்றாவது பையையும் மாட்டுவது அதற்காகத்தான். அவற்றுள் கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்திக்கு இன்னொரு குணம்: கலவரமுற்றால் ஒருவித நஞ்சைச் சுரந்து, குறுகிய நீரில் தன்னையும் தன் கூட்டத்தையும் மாய்த்துக்கொள்ளும். அனுபவசாலிகள் அதை முதலில் ஒரு வாளியில் விட்டுச் சற்றுக் கலக்கி, சுரக்க வேண்டியதைச் சுரக்க வைத்து, பிறகு புது நீருக்கு மாற்றியே பையில் இடுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைந்தோடும் ஆறுகளில் பிறந்து, மிஸ் கேரளா என்ற பெயரில் உலகச் சந்தையில் புகழ்பெற்ற செங்கோட்டு மீனுக்கோ பிராணவாயுப் பசி மிகுதி. தேங்கிய நீரிலே நெருக்கம் அதற்கு ஆகாது. 1865-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே விவரித்த அந்த மீன் இன்று அருகிவரும் இனங்களின் வரிசையில் நிற்கிறது. ஆற்றில் பிடித்தது ஒன்று பையில் செத்தால், ஆர்டரைப் பூர்த்தி செய்ய ஆற்றிலிருந்தே இன்னொன்று வர வேண்டும் என்பதைக் கட்டுகிறவரும் வாங்குகிறவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

எத்தனை மீன் போடலாம் என்பதுதான் எல்லாச் சச்சரவுக்கும் மூலம். விமானக் கட்டணம் எடைக்கும் பெட்டியின் பருமனுக்கும் வாங்கப்படுகிறது. தண்ணீரோ லிட்டருக்கு ஒரு கிலோ. பிரேசில் நாட்டின் ரியோ நெக்ரோ ஆற்றில் பார்செலோஸ் என்னும் ஊரைச் சுற்றிச் செம்படவர்கள் பிடித்து, படகில் மனாவுஸ் நகருக்கு அனுப்பும் கார்டினல் டெட்ராவாயினும் சரி, கொளத்தூர்க் கப்பியாயினும் சரி, சிறு மீனைப் பொறுத்தவரை மீனின் விலையைவிட அதைச் சுமக்கும் கூலி அதிகம் என்பது சர்வ சாதாரணம். ஆகவே பைக்கு இன்னும் பத்து மீன் என்ற ஆசை வியாபாரிக்கு மட்டுமல்ல, கூலியைப் பங்கிட நினைக்கும் பார்ட்டிக்கும் உண்டு. நெருக்கிப் போட்ட பெட்டி பத்து முறை சென்றால் ஏழெட்டு முறை நன்றாகவே போய்ச் சேர்ந்துவிடும். ஒருமுறை விமானம் தாமதித்தால் அன்றைக்குப் பெட்டியோடு போகும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமாகிய ஐயாட்டா, உயிர்ப் பிராணிகளை ஏற்றுவதற்கென்று தனி விதிநூலே வெளியிட்டு, மீன் பெட்டியின் அமைப்பையும் அதன் மேல் ஒட்ட வேண்டிய அடையாளங்களையும் வரையறுத்திருக்கிறது. உயரப் பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு இறங்கக்கூடும் என்பதையும் கட்டுகிறவர் மறக்கலாகாது. அப்போது பைக்குள் உள்ள வாயு மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். பேருந்துக்குக் கட்டுவதுபோல் விமானத்துக்கும் விறைக்கக் கட்டினால் முடிச்சோ மடிப்போ விட்டுக்கொடுக்கும்; விரலால் அழுத்தினால் சற்றே உள்வாங்கும் பக்குவத்தில் நிறுத்த வேண்டும்.

அலங்கார மீன் ஏற்றுமதியில் பல்லாண்டுகள் முன்னணியில் நின்ற சிங்கப்பூரில், இந்தத் தொழிலின் அனுபவ ஞானம் ஆராய்ச்சிக்கும் உள்ளாயிற்று. லிம் லியான் சுவான் என்பவரும் பெல்ஜியத்து அறிஞர்களான டேர்ட், சோர்கலூஸ் என்பவர்களும் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பையையும் வாயுவையும்விட, பைக்குள் நுழையும் மீனின் உடல்நிலையை முதன்மையாக வலியுறுத்துகிறது. நோயுற்ற மீன், காயம்பட்ட மீன், நேற்றுத்தான் குளத்திலிருந்து வலைபோட்டு அள்ளிய மீன் இவற்றை எவ்வளவு சிரத்தையாகக் கட்டியும் பயனில்லை. சில நாள் தனித் தொட்டியில் இருத்தி, இளைப்பாற்றிய பிறகே அனுப்ப வேண்டும். ஒரு கூட்டத்தின் திராணியை அறியச் சில மீன்களைக் கடும் உப்புநீரில் சிறிது நேரம் விட்டு, எத்தனை தாங்குகின்றன என்று பார்க்கும் சோதனையும் அங்கே கையாளப்பட்டது.

இனி, பெட்டியைப் பெறுகிறவருக்கு. எல்லா ஆபத்தும் கடந்து மீன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று நாம் ஆறுதல் கொள்ளும் அந்தக் கணத்தில்தான் அதன் உயிருக்குப் பெரிய கண்டம் காத்திருக்கிறது. பையைத் திறந்ததும், கோலி சோடாவை உடைத்தாற்போல், நீரில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறத் தொடங்குகிறது; அது வெளியேற வெளியேற நீரின் அமிலத்தன்மை குறைந்து பி.எச். ஏறுகிறது, ஒரு நாள் முழுவதும் சேர்ந்து, அடங்கிக் கிடந்த அம்மோனியம், நச்சு அம்மோனியாவாகத் திரும்புகிறது. நம்மவர் வழக்கமாகச் செய்வதோ, பையைத் திறந்து வைத்துக்கொண்டு, தொட்டி நீரை ஒரு கரண்டி ஒரு கரண்டியாகவோ மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாகவோ ஒரு மணி நேரம் கலந்து மீனைப் பழக்குவது. தெருக்கோடிக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் கொண்டுவந்த மீனுக்கு இது நல்ல முறைதான். அந்தப் பையில் கழிவு சேர அவகாசமே இருந்திராது. முப்பது மணி நேரம் வந்த மீனை அவ்வாறு பழக்குவது, விஷம் ஏறிக்கொண்டிருக்கும் நீரிலே அதை அன்போடு நிறுத்தி வைப்பதாகும். அதற்கு ஏற்ற முறை வேறு. தொட்டி நீரை முன்னதாகவே ஆயத்தம் செய்து வைத்துக்கொண்டு, வெளிச்சம் மங்கிய அறையில் பெட்டியைப் பிரித்து, பைகளைத் திறவாமலே கால் மணி அல்லது இருபது நிமிஷம் நீரில் மிதக்கவிட்டு உஷ்ணத்தைச் சமப்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு பையாகத் திறந்து, தாமதமின்றி வலை வழியே வடித்து, மீனை மட்டும் தொட்டியில் விட வேண்டும். பை நீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகலாகாது. முதல் பையில் மீன் எப்படியிருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் எல்லாப் பைகளையும் ஒரே சமயத்தில் திறந்து பரப்புவது, நல்லெண்ணத்தால் நேரும் தவறு. அன்றைக்கு இரை போடத் தேவையில்லை. மீன் கேட்கவும் செய்யாது.

செத்த மீனுக்கு யார் பொறுப்பு என்ற கணக்கு வழக்கும் இந்த வியாபாரத்தில் உண்டு. வந்த சில மணி நேரத்துக்குள், பிரிக்காத பையோடு செத்த மீனின் படத்தை எடுத்து அனுப்பினால், அடுத்த லாட்டில் அத்தனை மீன் சேர்த்துக் கொடுப்பதோ விலையில் கழிப்பதோ மரியாதையுள்ள வியாபாரிகளின் வழக்கம். இதனால் பையில் செத்தவை மட்டுமே கணக்கில் ஏறுகின்றன. பிரயாணத்தின் அலைச்சலில் சளி உறை உரிந்து, செவுள் வெந்து, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வெண்புள்ளியும் துடுப்பழுகலும் கண்டு மிதக்கும் மீனின் சாவை, வாங்கியவரின் தொட்டி நீரின் தலையில் போட்டுவிடுகிறார்கள். அவரும் தம் நீர்தான் சரியில்லை போலும் என்று நம்பிவிடுகிறார். ஏற்றுமதியாளரின் திறமையை மதிப்பிட, வந்து ஒரு வாரம் சென்ற பின் எஞ்சிய மீனை எண்ணுவதே சரியான முறை. வாங்குகிறவர் புது மீனைப் பழைய மீனோடு கலக்காமல் இரண்டு வாரமாவது தனித் தொட்டியில் வைத்திருந்தால், இந்த எண்ணிக்கையை அவரே எடுத்துக்கொள்ளலாம்; அடுத்த முறை பெட்டிக்கு எத்தனை மீன் போடச் சொல்வது என்று பேசும்போது அந்த எண் கையில் இருக்கும்.